கொடுக்காமல் இருக்கும் உத்தியோகம்

பேசப் பிந்தும் பிள்ளைகளைப் பேச வைப்பது என் தொழில். அதில் பாதி நேரம் பெரியவர்களின் வாயை மூடுவதிலேயே போய்விடுகிறது.

தென்காசியில் ஒரு சின்னப் பயிற்சி மையம். வாசல் பலகையில் ‘ஆரம்பநிலைப் பயிற்சி’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள வந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முன்னால் பேச்சு வராத, நடை வராத, நிமிர்ந்து பார்க்காத பிள்ளைகளை எங்களிடம் கூட்டி வருவார்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்கள் போவோம். நான் பேச்சு, கூட வேலை பார்க்கிற ஜெரினா கைகால். ஊரில் என்னைப் ‘பேச்சு டீச்சர்’ என்றால்தான் தெரியும்.

அங்கன்வாடி டீச்சர்களே, காப்பகத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தே புடவைத் தலைப்பு வெளுத்துப் போனவர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூட உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பை

வீடுகளுக்குப் போகும்போது ஒரு பெரிய துணிப்பை எடுத்துப் போவேன். ஒரு ஊதல், ஒரு பந்து, சோப்புக் குமிழி விடுகிற குப்பி, ஒரு டப்பா முறுக்கு, தொட்டால் கத்துகிற பிளாஸ்டிக் பசு. வடகரை போகிற பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டார். பை சாய்ந்தது. பசு கத்த ஆரம்பித்தது. அதை நிறுத்துகிற பொத்தான் வயிற்றுப் பக்கம் இருக்கிறது. அதைத் தேடி எடுப்பதற்குள் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்துவிட்டது.

பக்கத்தில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த ஓர் அண்ணாச்சி, பொம்மை யாவாரமா என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி, நான் பிள்ளைகளோடு விளையாடுவேன், விளையாடும்போதே பேச்சு வரவழைப்பேன், அவர்களோடு எப்படி விளையாட வேண்டும் என்று அம்மா அப்பாவுக்கும் சொல்லிக் கொடுப்பேன் என்று விளக்கினேன். இதற்காக நாலு வருடம் படித்தேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் இரண்டு நிறுத்தம் தாண்டும் வரை யோசித்தார். இறங்குவதற்காகத் தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அதுக்குச் சம்பளம் வேற தாராவளா?”

இறுக்கமான மூடி

அன்றைக்கு நான் போனது கதிர் வீட்டுக்கு. மூன்று வயது முடியப்போகிறது, ஒரு சொல் கிடையாது. காது நன்றாகக் கேட்கிறது என்று திருநெல்வேலியில் பரிசோதித்துவிட்டார்கள். தாத்தாவின் கண்ணாடியை எடுத்து வா என்றால் கூட்டோடு எடுத்து வருகிறான். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. பேச மட்டும் மாட்டேன் என்கிறான்.

அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபோதே காரணம் பாதி புரிந்துவிட்டது. கதிர் விரலை நீட்டினால் வீடே எழுந்து ஓடுகிறது. தாத்தா ஓய்வு பெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், ஊரில் எஸ்.ஐ. அண்ணாச்சி. பேரன் அலமாரிப் பக்கம் விரலைக் காட்டினால், அதில் இருக்கிற அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இதுவா அதுவா என்று கேட்கிறார். கதிர் தலையை மட்டும் ஆட்டுகிறான். மூத்த மருமகள் மாரியக்கா, அவன் விரலை நீட்டுவதற்கு முன்பே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள். அப்பா கணேசன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு டெம்போ ஓட்டுகிறவர். வரும்போதெல்லாம் பையனுக்கு எதையாவது வாங்கி வருகிறார். மீதி வேலை எல்லாம் அம்மா செல்விக்கு. இத்தனை பேர் இருக்கும்போது நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு டப்பா உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், மூடி பிள்ளையின் கைக்குத் திறக்கக் கூடாது. பிள்ளை திருகிப் பார்க்கும், முடியாமல் நம்மைப் பார்க்கும். அப்போது பாய்ந்து திறந்துவிடாமல், முகத்தில் மட்டும் ஆவலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஒரு சத்தமோ ஒரு ‘தா’வோ வரும். வந்த உடனே கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. முறுக்கு டப்பாவைக் கதிரிடம் கொடுத்தேன். அவன் ஒருமுறை திருகினான், என்னை ஒரு பார்வை பார்த்தான், நேரே தாத்தாவிடம் கொண்டு போனான். அவர் அதை வேட்டி நுனியால் பிடித்துத் திருகித் திறந்து அவன் மடியில் வைத்துவிட்டு, கடையில் ஏமாந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நல்ல டப்பாவாகப் பார்த்து வாங்கச் சொன்னார். தென்காசியில் கடையின் பெயரும் சொன்னார்.

பஸ் ஏற்றிவிட செல்வி கூடவே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். எதிரே ஒரு பொடியன் “எம்மா, எம்மா” என்று தாயின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அந்தத் தாய் எரிச்சலில் அவன் கையைத் தட்டிவிட்டாள். செல்வி அவர்கள் திரும்பி மறையும் வரை நின்று பார்த்தாள். எங்கள் தொழிலில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. அன்றைக்கு அவள் சொன்னதற்கு நான் தலையை ஆட்டிவிட்டேன்:

“வேற ஒண்ணும் வேண்டாம் டீச்சர். வாயைத் தொறந்து என்னைய ஒரு தடவ கூப்பிட்டாம்னா போதும்.”

விசாரணை

அடுத்த முறை போனபோது எஸ்.ஐ. அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் வாசல்படியில் உட்காரச் சொன்னார். டீச்சரம்மா விளையாட்டுக் காட்டுவது எல்லாம் சரிதான், ஆனால் வாயைத் திறக்க வைப்பது தனக்குப் புதிய வேலை இல்லை என்றார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பேரனை உட்கார வைத்தார். எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்தினார். அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலில் அன்பாகக் கேட்டார். அம்மா சொல்லு, தாத்தா சொல்லு. பிறகு, உனக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்றார். பிறகு, மற்றவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி என்றார். கதிர் கால்களை ஆட்டிக்கொண்டு அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, மின்விசிறி சுவிட்சுப் பக்கம் விரலைக் காட்டினான். தாத்தா எழுந்து போய்ப் போட்டுவிட்டார்.

சொல்லு சொல்லு என்று கேட்கக் கேட்கப் பிள்ளை வாயை இன்னும் இறுக்கிக்கொள்ளும், அதனால்தான் கேட்கக் கூடாது என்கிறோம் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தோற்ற முகமாக இல்லை.

“என் சர்வீஸ்ல எவனும் என் முன்னால இப்பிடி அசையாம உக்காந்ததில்ல டீச்சரம்மா. பெரிய ஆளா வருவாம் பாருங்க.”

ஆலங்குளத்து ஆங்கிலம்

நடுவே இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிற ஒருவர், மூன்றரை வயது மகள் யாழினியை மையத்துக்குக் கூட்டி வந்தார். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, யாழினி சுவரிலிருந்த எட்டுக்கோணப் படத்தைப் பார்த்து ‘ஆக்டகன்’ என்றாள். பிறகு ‘பர்ப்பிள்’ என்றாள். பிறகு கிரகங்களை வரிசையாகச் சொன்னாள், அதுவும் அமெரிக்காவிலிருந்து நேற்றுதான் இறங்கிய மாதிரி. ஜெரினா கையிலிருந்த பந்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அப்பா பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. கடையில் வியாபார நேரத்தில் போனைக் கையில் கொடுத்துவிடுவோம், அது தானாகப் படித்துக்கொண்டது என்றார். தாகம் எடுத்தால் என்ன செய்வாள் என்று கேட்டேன். அழுவாள் என்றார். பசித்தால்? அதற்கும் அழுவாள், ஆனால் அது வேறு மாதிரி அழுகை, வீட்டில் வித்தியாசம் தெரியும் என்றார். போனை அறவே நிறுத்த வேண்டும், பேச்சு என்பது எதிரில் இருக்கிற மனிதரிடமிருந்துதான் வரும் என்று நான் நிதானமாக, உதாரணத்தோடு, நெடுநேரம் விளக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“தண்ணி கேக்கதுக்கு எந்த வீடியோ போட்டுக் காட்டணும் மேடம்?”

சாப்பாடு

கதிர் வீட்டில் எஸ்.ஐ. அண்ணாச்சி ஒரு நாள் மனம் மாறினார். எப்படி மாறினார் என்று தெரியவில்லை. காத்திருப்பதும் ஒருவகைக் காவல் என்று நான் சொன்னது பிடித்திருக்கலாம். மாறினார் என்றால் முழுதாக மாறினார். இனி இந்த வீட்டில் கேட்காமல் யாருக்கும் எதுவும் கிடையாது என்று உத்தரவு போட்டார். மாரியக்கா இடுப்பில் வாழைப்பழத்தை மறைத்துக் கொண்டுபோய்க் கதிருக்குக் கொடுத்தபோது, அடுக்களை வாசலில் வைத்துக் கையும் களவுமாகப் பிடித்தார். தோல் பறிமுதல் செய்யப்பட்டது. பழத்தைக் கதிர் ஏற்கெனவே தின்றுவிட்டான்.

இது ஒன்றும் தெரியாமல் கணேசன் கொல்லத்திலிருந்து டெம்போவில் வந்து இறங்கினார். இராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய களைப்பு. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டில் சோறு இருந்தது, குழம்பு இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மாரியக்கா குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, நான் சொல்லிக்கொடுத்த ஆவல் முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் செல்வி அப்பளத்தோடு அதே முகத்தில் நிற்கிறாள். பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பெரியவர்களும் கேட்டே வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. கணேசன் கரண்டியைக் காட்டினார். கையைக் காட்டாதே, வாயைத் திறந்து கேள் என்றார் எஸ்.ஐ. அண்ணாச்சி. அவர் கேட்டார். இன்னும் தெளிவாகக் கேள் என்றார் அண்ணாச்சி.

மறுநாள் என்னைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது டெம்போவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“அவன் பேச ஆரம்பிக்கதுக்குள்ள நான் பேச்ச நிறுத்திருவேன் போலுக்கு டீச்சர்.”

ஐந்தருவி

சீசன் வந்தது. சாரல் விழுந்தால் எங்கள் பக்கம் எந்தப் பயிற்சியும் நடக்காது. எல்லா வீட்டிலும் விருந்தாளிகள். எங்கே போனாலும் நாளைக்கு வாருங்கள் டீச்சர், இன்றைக்குக் குற்றாலம் போகிறோம் என்பார்கள். சரி, நாமும் போவோம் என்று தீர்மானித்தேன். பிள்ளை எங்கே சந்தோஷமாக இருக்கிறதோ அங்கேதான் பேச்சு எளிதாக வரும் என்பது எங்கள் பாடம். கதிருக்குத் தண்ணீர் என்றால் உயிர். அருவிக்குள் கொண்டுபோய் நனைத்து, வெளியே எடுத்து, அவன் மறுபடியும் கேட்கும் வரை காத்திருப்பது என்று திட்டம். படிப்பில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நாங்கள் போனோம். ஆண்கள் அங்கே வர முடியாது என்பதால் எஸ்.ஐ. அண்ணாச்சி, துண்டுகளையும் எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நனைத்தாள். அவன் சிரித்தான். நான் சைகை காட்டியதும் வெளியே எடுத்தாள். அவன் அருவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. அவன் வாய் அசைந்தது. நன்றாகத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. செல்விக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை, மாரியக்காவுக்குக் கண்ணில் முடி. செல்வி காதை அவன் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவன் அதற்குள் வாயை மூடிவிட்டான். பேசாத பிள்ளை பேசுவதற்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடம், மாவட்டத்திலேயே சத்தம் அதிகமான இடம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அம்மான்னுதான் சொல்லியிருப்பான், இல்லையா டீச்சர்” என்று செல்வி என் காதருகே கத்திக் கேட்டாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எஸ்.ஐ. அண்ணாச்சி இதை விடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நனைந்து வெளியே வந்த ஒவ்வொருவரையும் மரியாதையாக நிறுத்தி விசாரித்தார். எங்கே நின்றீர்கள், பச்சைச் சட்டைப் பையனைப் பார்த்தீர்களா, அவன் என்ன சொன்னான். சேலையைப் பிழிந்துகொண்டிருந்த ஓர் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அங்கன நின்னா எம் பேச்சே எனக்குக் கேக்காது. உங்க புள்ள பேச்சு எப்பிடிங்க கேக்கும்?”

ஜெரினா

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சீசன் முடிந்தது, விருந்தாளிகள் போனார்கள், வெயில் திரும்பி வந்தது. கதிர் வாயைத் திறக்கவில்லை. டப்பா, பந்து, பசு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கணேசன், தானும் நாலு வயதில்தான் பேசினேன் என்று சமாதானம் சொன்னார். நாலு வயதில் இவர் முதலில் சொன்னது பசிக்கிறது என்பது, இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அவருடைய அப்பா விளக்கம் கொடுத்தார். செல்வி சிரிக்கவில்லை. முன்னெல்லாம் நான் போனால் ஓடிவந்து பக்கத்தில் உட்காருவாள். இப்போது பையனை என்னிடம் விட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் பாத்திரம் விளக்கப் போய்விடுகிறாள். அவள் நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அது என்னால்தான் என்றும் தோன்றியது. திரும்பி வரும்போது அழுகை வந்தது. பஸ்ஸில் அழுதால் அண்ணாச்சிமார் காரணம் கேட்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

மையத்துக்கு வந்து ஜெரினாவிடம் கொட்டினேன். உனக்கென்ன, நீ பிசியோ, இன்றைக்குக் கால் இவ்வளவு நீண்டது, நாளைக்கு இவ்வளவு நீளும் என்று கண்ணால் பார்க்கலாம். என் வேலையில் ஒன்றுமே தெரியவில்லை, நான் பேசாமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறேன் என்றேன். ஜெரினா ஒரு வயதுப் பிள்ளையின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அது ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. அவள் நிமிரவே இல்லை.

“நீயாச்சும் பரவால்ல. எம் புள்ளைக நடக்க ஆரம்பிச்ச உடனே மொத வேலையா என்னைய விட்டுத்தான் ஓடுதுக.”

குமிழி

அந்த வாரமே ஒரு மத்தியானம். கணேசன் கொல்லத்தில். செல்வி பின்வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் நானும் கதிரும், காவலுக்குத் தாத்தா, வேடிக்கைக்கு மாரியக்கா. நான் சோப்புக் குமிழியை ஒரே ஒருமுறை ஊதினேன். அறை முழுக்கப் பறந்தது. கதிர் துரத்தித் துரத்தி உடைத்தான். நான் குப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு என் ஆவல் முகத்தைப் போட்டுக்கொண்டேன். மாதக்கணக்காகப் போட்டுப் போட்டு அந்த முகம் எனக்கே சலித்துவிட்டது.

கதிர் என்னைப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை. தாத்தாவைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார். மாரியக்காவைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யாரும் அசைவதாக இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பின்வாசல் பக்கம் திரும்பி, நல்ல கனத்த குரலில் கூப்பிட்டான்.

“ஏட்டி.”

பின்னாலிருந்து செல்வி, “இந்தா வாரேன்” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் பாத்திரச் சத்தம் நின்றது. அவளை அப்படிக் கூப்பிடுகிற கணேசன் வீட்டில் இல்லை, கூப்பிட்டது மாமனார் குரலும் இல்லை, மாரியக்கா குரலும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். கை நிறையச் சோப்பு நுரையோடு வாசல்படியில் வந்து நின்றாள். கதிர் அவளைப் பார்த்தான், என் மடியிலிருந்த குப்பியைக் காட்டினான், தாமதமாக வந்த வேலைக்காரியிடம் சொல்கிற மாதிரி இன்னொரு முறை “ஏட்டி” என்றான்.

ஏட்டி என்பது எங்கள் பக்கம் பெண்களை உரிமையாகக் கூப்பிடுகிற சொல். புருஷன் சொல்வார், மூத்தவர்கள் சொல்வார்கள், செல்வி எஸ்.ஐ. அண்ணாச்சிக்குத் தங்கை மகள் என்பதால் அவரும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார். பெற்ற தாயை மகன் அப்படிக் கூப்பிட்டால் முதுகில் விழும். மாரியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாத்தா எழுந்து, “ஏலே, பெத்தவள அப்பிடிச் சொல்லப்பிடாது” என்று ஆரம்பித்தார். நான் கையை நீட்டி அவரை உட்கார வைத்தேன். ஒரு போலீஸ்காரரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. முதல் சொல்லை யாரும் திருத்தக் கூடாது. திருத்தினால் அவன் அதையும் எடுத்து உள்ளே வைத்துக்கொள்வான்.

எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை மாதமும் அவனிடம் அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று வீடே கேட்டது. ஆனால் செல்வி வர வேண்டும் என்றால் ஒருவர்கூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. அந்த வீட்டில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் எல்லாரும் செய்வது ஒன்றுதான், பின்வாசலைப் பார்த்து ஏட்டி என்பது. அந்தச் சொல்லுக்கு ஓர் ஆள் ஓடிவந்து நிற்பதை அவன் தினமும் பார்த்திருக்கிறான். பரீட்சைக்கு ஒரு சொல், காரியத்துக்கு ஒரு சொல். அவன் காரியத்துக்கானதை எடுத்துக்கொண்டான்.

கேட்டதும் உடனே கொடுக்க வேண்டும் என்பதும் எங்கள் விதி. குப்பியைச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்து ஊதினாள். உதடு நடுங்கியதில் ஒரு குமிழியும் வரவில்லை. மறுபடி ஊதினாள், காற்றுதான் வந்தது. கதிர் பொறுமையாகக் காத்திருந்தான், யாரிடம் கற்றுக்கொண்டானோ. மூன்றாவது முறை ஒரே ஒரு குமிழி வந்தது. அவன் அதை உடைத்துவிட்டு அவள் மடியில் ஏறி உட்கார்ந்தான். எனக்குக் கண்ணீர் வந்தது. வேலை நேரத்தில் அழக் கூடாது என்பது விதியாக இருந்தால், அது எனக்குத் தெரியாத விதி.

பிறகு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரானேன். இனிமேல் இந்த வீட்டில் செல்வியை யார் கூப்பிட்டாலும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும், அதைக் கேட்டுக் கேட்டு அவனும் மாற்றிக்கொள்வான், நாளைக் காலையிலிருந்தே ஆரம்பியுங்கள் என்றேன். எஸ்.ஐ. அண்ணாச்சி அந்த நிமிடமே உத்தரவாக்கிவிட்டார். செல்வி மட்டும் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்தபடியே சொன்னாள்:

“இப்பவே மாத்த வேண்டாம் டீச்சர். இன்னும் ரெண்டு நாள் ஏட்டின்னே கூப்பிடட்டும். எல்லாரும் கூப்பிடுததுதான், ஆனா இவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லேல்லா.”

தொழில் தோழர்களே, இன்றைய நிலவரப்படி அந்த வீட்டில் புருஷன், ஓரகத்தி, எஸ்.ஐ. மாமனார் உட்பட எல்லாரும் செல்வியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், கதிர் ஒருவனைத் தவிர.